சுக்கான்பாறைக் குட்டையில பாசியை வாரிட்டேன், இப்ப மீன் வாய் பிளக்குது

கேள்வி: அரியலூர் பக்கம், ஒரு ஏக்கர் குட்டை, நாலடி ஆழம், அடியில சுக்கான்பாறை. போன வருசம் வரை தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு, தரையெல்லாம் சொரசொரன்னு ஒரு பாசி. கட்லா மீன் வளரலன்னு பாசியை வாரிட்டு, பாசி தின்னுற புல்கெண்டை மீனை விட்டேன், டிஏபி உரம் ரெண்டு மூட்டை போட்டேன். இப்ப தண்ணி பச்சைப்பசேல்னு இருக்கு, விடியக்காலைல மீன் மேல வந்து வாய் பிளக்குது. சுண்ணாம்பு போடலாமா?

பதில்: வேணாம்ணே. குட்டையே சுண்ணாம்புக்கல் மேல உக்காந்திருக்கு, இன்னும் கொட்டுனா பிஹெச் (தண்ணியோட காரத்தன்மை) ஏறி மீன் கழிவுல வர்ற அம்மோனியா விஷமாயிடும்.

நீங்க வாரிப்போட்ட பாசியைக் கசக்கி மோந்து பாத்தீங்களா? பூண்டு வாடை அடிச்சு, காஞ்சதும் வெள்ளையா பொடி உதிர்ந்தா அது காரா (Chara)ங்கற பாசி. அது இந்த மாதிரி சுண்ணாம்புத் தண்ணில கரைஞ்சிருக்கற பைகார்பனேட்டை எடுத்துக்கிட்டு சுண்ணாம்பைத் தன் மேலயே படிய வச்சுக்கும், அதோட கொஞ்சம் பாஸ்பரஸும் அடில போயிடும், சேறும் கிளம்பாது. தண்ணி தெளிவா இருந்ததே அதனாலதான். அதை வாரினதும் டிஏபி எல்லாம் மிதக்குற நுண்பாசிக்குத் தீனியாயிடுச்சு, ராத்திரி பூரா அதுவே ஆக்சிஜனை இழுத்துடுது, விடியும்போது மீனுக்கு மிச்சமில்ல.

தெளிஞ்ச தண்ணில கட்லாவுக்குத் தீனி கம்மிதான், நீங்க சொன்னது தப்பில்ல. அதுக்காக ரெண்டு மூட்டையா! முழங்கை வரைக்கும் கையை விடுங்க, உள்ளங்கை அப்பதான் மறையுதுன்னா பச்சை அளவு சரி. மணிக்கட்டு முங்குறதுக்குள்ளயே மறைஞ்சா ரொம்ப அதிகம், உங்களுக்கு இப்ப அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

இன்னிக்கே உரம், சாணி, தீவனம் எல்லாத்தையும் நிறுத்துங்க. ராத்திரி மூணு மணில இருந்து வெயில் ஏறுற வரைக்கும் மோட்டார் போட்டு குட்டைத் தண்ணியையே எடுத்து உயரத்துல இருந்து பீச்சி விடுங்க, பச்சையைக் கொல்றேன்னு மருந்து எதுவும் அடிச்சிடாதீங்க, மொத்தமா செத்து அழுகுனா அன்னிக்கே மீன் போயிடும். வலை போட்டு புல்கெண்டையைப் பூரா எடுத்துடுங்க, அது காரா துளிர்த்தா விடாது, மத்த மீன்லயும் பெருசைப் புடிச்சு வித்துடுங்க. பக்கத்துல மக்காச்சோளக் கொல்லை இருந்தா, அதுல இருந்து மழைத்தண்ணி நேரா உள்ள இறங்குதா? இறங்குனா கரையை ஒசத்திப் புல்லு விடுங்க, இல்லன்னா யூரியாவும் டிஏபியும் வருசாவருசம் வந்துக்கிட்டே இருக்கும்.

காரா விதை சேத்துல வருசக்கணக்கா கிடக்கும், தரைக்கு வெளிச்சம் எட்டுனா தானே வரும். அப்ப உள்ள இறங்கி நடக்குறதுக்கு, வலை இழுக்குறதுக்கு வேண்டிய இடத்துல மட்டும் வாரிட்டு மிச்சத்தை விட்டுடுங்க. காலைல 6 மணிக்கும் மத்தியானம் 3 மணிக்கும் பிஹெச் பாத்து ரெண்டு நம்பரையும் போடுங்க, மீதியை அப்புறம் சொல்றேன்.