இருவருக்கான மேசை: கேள்வி பதில்

வீட்டிலேயே இருவர் மட்டும் அமர்ந்து கொண்டாடும் மாலைப்பொழுதைப் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பத்தாவது திருமண நாளுக்கு மெழுகுவர்த்தி ஒளியில் விருந்து வைக்க நினைக்கிறேன். காக்டெயில், இனிப்பு, பூ, மேசை அலங்காரம் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் அமைக்கலாமா? எந்த நிறம் பொருந்தும்?

நிறத்தைத் தீர்மானிப்பதற்கு முன் ஒளியைத் தீர்மானித்துவிடுங்கள். மெழுகுவர்த்தியின் சுடரில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீலம் மிகக் குறைவு. ஆகவே பகலில் கடையில் பார்த்து மயங்கி வாங்கிய கருநீல விரிப்பு, இரவில் கறுப்புத் துணியைப் போலக் கிடக்கும். நானே ஒருமுறை ஊதா நிறப் பூக்களை நம்பி மேசையை அமைத்துவிட்டு, விளக்கை அணைத்ததும் அவை வாடிய கத்தரிக்காயின் நிறத்துக்கு மாறியதைப் பார்த்து நொந்துபோனேன். அடர்சிவப்பு, செம்மஞ்சள், பீச் நிறம், தந்த வெள்ளை ஆகியவை அந்த ஒளியில் மேலும் பொலிவடையும்.

எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் அமைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சிவப்பு விரிப்பின் மேல் சிவப்பு ரோஜாவும் சிவப்புப் பானமும் இருந்தால் எதுவுமே கண்ணில் தங்காது. விரிப்பும் தட்டும் வெளிர்நிறத்தில் அமைதியாக இருக்கட்டும். அழுத்தமான நிறம் பூவிலும் கோப்பையிலும் மட்டும் வரட்டும். பூச்சாடியைப் பொறுத்தவரை, உட்கார்ந்த நிலையில் எதிரில் இருப்பவரின் முகத்தை மறைக்காத உயரம்தான் அளவு.

கேள்வி: எனக்குக் காக்டெயில் கலக்கத் தெரியாது. முன்கூட்டியே கலந்து வைத்தால் சுவை கெட்டுவிடுமா?

எலுமிச்சைச் சாறோ சோடாவோ சேராத காக்டெயில்களை முந்தைய நாளே கலந்து வைக்கலாம். நெக்ரோனி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஜின், இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்), காம்பாரி (கசப்பான சிவப்பு மது) மூன்றிலும் ஒருவருக்குத் தலா 30 மில்லி. ஆனால் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. பனிக்கட்டியோடு சேர்த்துக் கிளறும்போது உருகிக் கலக்கும் நீரும் அந்தப் பானத்தின் ஒரு பகுதிதான். முன்கூட்டியே கலப்பவர்கள் அந்த நீரைத் தாங்களாகவே சேர்க்க வேண்டும். 90 மில்லி கலவைக்கு ஏறத்தாழ 20 மில்லி. பிறகு புட்டியில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால், பரிமாறும் நேரத்தில் ஒரு பெரிய பனிக்கட்டியும் ஒரு சுருள் ஆரஞ்சுத் தோலும் போதும். அதன் கசப்பு எல்லோருக்கும் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மென்மையான சுவை வேண்டுமென்றால் பெல்லினி செய்யுங்கள். வெனிஸ் நகரத்து ஹாரிஸ் பாரில் ஜூசெப்பே சிப்ரியானி உருவாக்கி, ஓவியர் ஜொவான்னி பெல்லினியின் பெயரைச் சூட்டிய பானம் அது. நன்கு குளிர்ந்த வெள்ளை பீச் பழக்கூழ் ஒரு பங்கு, ப்ரொசெக்கோ என்ற இத்தாலிய நுரைக்கும் ஒயின் இரண்டு பங்கு. கூழை முதலில் விட்டு, கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, ஒயினைச் சுவரோரமாக மெல்ல ஊற்றுங்கள். அவசரப்பட்டால் பாதிப் பானம் நுரையாக மேசையில்தான் இருக்கும்.

நுரைக்கும் ஒயின் புட்டியைத் திறக்கையில் தக்கையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தக்கையை அல்ல, புட்டியைத் திருப்ப வேண்டும். ஷாம்பெயின் புட்டிக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே அதன் வாய் எவருடைய முகத்தையும் நோக்கி இருக்கக் கூடாது.

கேள்வி: என் மனைவி மது அருந்துவதில்லை. அவருக்கு வெறும் பழச்சாற்றைக் கொடுத்துவிட்டு நான் மட்டும் காக்டெயில் குடிப்பது சங்கடமாக இருக்கிறது.

சங்கடம் நியாயமானதுதான். இருவரும் அதே மது இல்லாத பானத்தையே அருந்துவது இன்னும் அழகு என்பது என் எண்ணம். பழச்சாறு ஏன் சலிக்கிறது என்றால், அதில் இனிப்பு மட்டுமே முன்நிற்கிறது. மதுவில் இருக்கும் காரமும் துவர்ப்பும் இல்லை. இஞ்சிச் சாறு அந்தக் காரத்தையும், ஆறிய கட்டன் தேநீர் அந்தத் துவர்ப்பையும் தரும்.

காட்சிக்கும் விருந்து வேண்டுமென்றால் சங்குப்பூவைப் பயன்படுத்துங்கள். உலர்ந்த பூக்கள் பத்தை 200 மில்லி வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால் ஆழ்ந்த நீல நிறம் கிடைக்கும். அதைக் குளிரவைத்து, பனிக்கட்டியும் சர்க்கரைப் பாகும் இஞ்சிச் சாறும் இட்ட உயரமான கோப்பையில் ஊற்றி வையுங்கள். எலுமிச்சைச் சாற்றைச் சிறு கிண்ணத்தில் தனியாகக் கொடுத்து, அவர் கையாலேயே விடச் சொல்லுங்கள். சாறு இறங்கும் வழியெல்லாம் நீலம் ஊதாவாகி, கலக்கக் கலக்க இளஞ்சிவப்பாக மாறும். பூவில் உள்ள ஆந்தோசயனின் நிறமிகள் புளிப்புக்கேற்ப நிறம் மாறுவதே காரணம். இந்தப் பானத்துக்காக மட்டும் பக்கத்தில் ஒரு வெள்ளை விளக்கை ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். முதல் பதிலில் நீலத்துக்கு நேர்ந்த கதி உங்களுக்கு நினைவிருக்கும்.

கேள்வி: நான் செய்த சாக்லேட் டிரஃபிளின் மேற்பூச்சில் மறுநாள் வெண்திட்டுகள் படர்ந்துவிட்டன. பூஞ்சையா?

பூஞ்சை அல்ல. கோக்கோ வெண்ணெய் பல வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஒன்றுதான் பளபளப்பையும், உடைக்கும்போது எழும் ‘பட்’ என்ற ஓசையையும் தரும். சுமார் 34 பாகை செல்சியஸில் உருகுவதால் வாயில் இட்டவுடன் கரைவதும் அதுவே. வெறுமனே உருக்கி, டிரஃபிளை முக்கி எடுத்தால் வேறு படிகங்கள் உருவாகி, கொழுப்பு மேலே வந்து வெண்மையாகப் படரும். கறுப்புச் சாக்லேட்டை 45 முதல் 50 பாகை வரை உருக்கி, 27 அல்லது 28 பாகைக்கு இறக்கி, மீண்டும் 31 அல்லது 32 பாகைக்கு ஏற்றிப் பயன்படுத்துவதைத்தான் டெம்பரிங் என்கிறோம்.

வெப்பமானி இல்லையென்றால் மேற்பூச்சையே விட்டுவிடுங்கள். எடையில் இரண்டு பங்கு கறுப்புச் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு சூடான க்ரீம் சேர்த்துக் குளிரவைத்து, உருட்டி, கோக்கோ தூளில் புரட்டினால் போதும். எனக்கு அந்த எளிய வடிவமே பிடிக்கும்.

கேள்வி: சாக்லேட் கேக்கோடு ஷாம்பெயின் அருந்தினோம். ஒயின் புளித்துக் கிடந்தது. மட்டமான ஒயினா?

ஒயினைக் குறை சொல்லாதீர்கள். இனிப்பைத் தின்ற நாக்குக்கு அதைவிட இனிப்புக் குறைந்த எதுவும் புளிக்கத்தான் செய்யும். ‘ப்ரூட்’ என்று எழுதிய புட்டியில் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை இராது. ஒயினில் ‘டிரை’ என்றால் இனிப்பற்றது என்று பொருள் என்பதால், ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்ற பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது ப்ரூட்டைவிடச் சற்று இனிப்பானது. கேக்கோடு அருந்த 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரை உள்ள ‘டெமி-செக்’ வகையைத் தேடுங்கள், அல்லது ப்ரூட்டை விருந்தின் தொடக்கத்திலேயே அருந்தி முடித்துவிடுங்கள்.

கேள்வி: லில்லிப் பூங்கொத்து பரிசளிக்கலாமா? அவள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது.

வேண்டவே வேண்டாம். லில்லியின் இதழ், இலை, மகரந்தத் தூள், பூச்சாடித் தண்ணீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். ரோஜா கொடுங்கள்.

கேள்வி: காலையில் வாங்கிய ரோஜாக்கள் மாலைக்குள் தலை தொங்கிவிடுகின்றன. என்ன செய்வது?

பெரும்பாலும் தண்டுக்குள் காற்று அடைத்துக்கொண்டு நீர் மேலேறாததே காரணம். தண்டின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தபடியே இரண்டு சென்டிமீட்டர் அளவு சாய்வாக வெட்டுங்கள். பிறகு பூக்களைக் காகிதத்தில் இறுக்கமாகச் சுற்றி, கழுத்தளவு தண்ணீரில் ஓரிரு மணி நேரம் நிறுத்தினால் பெரும்பாலானவை நிமிர்ந்துவிடும். பழக்கூடைக்கு அருகில் பூச்சாடியை வைக்காதீர்கள். பழுக்கும் பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு பூக்களை விரைவில் வாடச் செய்யும்.

மிச்சமான இதழ்களைப் பானத்தில் மிதக்க விடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பூக்கடை ரோஜாவில் பூச்சிக்கொல்லி தெளித்திருக்கக்கூடும். உண்பதற்கென்றே வளர்த்த பூவின் இதழைத் தவிர வேறெதையும் கோப்பையில் இடாதீர்கள்.

கேள்வி: வேலை முடிந்து வீடு திரும்பியபின் எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கும். எதை விடுவது?

கேக்கை விடுங்கள். நல்ல கறுப்புச் சாக்லேட்டை உடைத்து ஒரு தட்டில் வைத்தாலே இனிப்பு ஆயிற்று. வீட்டுக்குள் நுழைந்தவுடன் கோப்பைகளை உறைபெட்டியில் வையுங்கள். பூத்தண்டுகளை வெட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள். முந்தைய இரவே கலந்து வைத்த பானம் புட்டியில் இருக்கும். மீதி நேரத்தில் குளித்துவிட்டு வந்து, கூரை விளக்கை அணைத்து, மெழுகுவர்த்திகளை ஏற்றுங்கள். கோப்பைகளை மட்டும் அவர் உட்கார்ந்த பிறகு வெளியே எடுங்கள். கண்ணாடியில் படிந்த பனிப்புகை ஓரிரு நிமிடத்தில் கரைந்துவிடும்.