அலுமினியத்தையும் ஸ்டீலையும் உருக்காமல் ஒட்டுவது எப்படி?

தகடுகளை மின்சாரச் சூட்டில் புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டும் சாதாரண ஸ்பாட் வெல்டிங்கில் அலுமினியமும் ஸ்டீலும் ஒட்டினாலும் பிய்ந்துவிடுகிறதே, உராய்வு முறையில் மட்டும் எப்படி நிற்கிறது என்பதுதானே கேள்வி?

அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், ஸ்டீலுக்கு 1,500 டிகிரி பக்கம் போக வேண்டும். உருகிய அலுமினியம் ஸ்டீலைத் தொட்டதும் இரண்டும் வினைபுரிந்து நடுவில் ஒரு சேர்மப் படலம் உண்டாகும். கண்ணாடி மாதிரி கெட்டி, ஆனால் தடித்துவிட்டால் லேசாக இழுத்தாலே விரிசல்.

உராய்வு ஸ்பாட்டில் அலுமினியம் உருகுவதே இல்லை. நுனியில் குட்டி முள் வைத்த உருளையைச் சுழற்றிக்கொண்டே அலுமினியப் பக்கத்திலிருந்து அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அலுமினியம் சப்பாத்தி மாவு போல இளகி, மேலே இருக்கும் ஆக்சைடு தோல் கிழிந்து, சுத்தமான உலோகம் ஸ்டீலோடு நேராக ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சில நொடிதான். சேர்மப் படலம் இங்கேயும் வரும், ஆனால் தடிக்க நேரமும் சூடும் கிடைக்காது. முள் ஸ்டீலில் ஆழமாக இறங்கினால் சீக்கிரம் தேயும், அதனால் ஆழத்தில்தான் கவனம் வேண்டும்.

ஜப்பானிய கார் நிறுவனமான மஸ்தா 2003இல் ஆர்எக்ஸ்-8 காரின் அலுமினியப் பின்கதவுக்கு இதைப் பயன்படுத்தியது. 2005இல் எம்எக்ஸ்-5 டிக்கி மூடியில் அலுமினியத்தோடு ஸ்டீலையே இணைத்தது. அந்த ஸ்டீல் துத்தநாகம் பூசியது. ஏனென்றால் இரண்டு உலோகம் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு தொடங்கிவிடும்.

அப்புறம், முள்ளை வெளியே எடுத்ததும் நடுவில் ஒரு குழி நிற்கும். அதையும் நிரப்பிவிடும் வகை இருக்கிறது, மெஷின்தான் கொஞ்சம் சிக்கலானது.