மிதவையுயிரி ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடிக்கப் போகிறார். ஏரியில் வாழும் பொடி உயிர்கள் பகலில் இறங்கி இரவில் ஏறுவதை ஆராய வேண்டும் என்கிறார். "இதுக்கெல்லாம் யாராவது சம்பளம் தருவாங்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தருவார்கள். ஆனால் அந்தத் தலைப்புக்காக அல்ல, அதைச் செய்யும்போது கையில் படியும் தொழிலுக்காக.

மிதவையுயிரி என்பது நீரில் மிதந்து வாழும் பொடி உயிர். டாப்னியா (நீர்த்தெள்ளு) போன்ற விலங்கு மிதவையுயிரிகளுக்குத் தீனியான பாசி வெளிச்சமுள்ள மேல்நீரில்தான் அதிகம். மீனோ கண்ணால் பார்த்துப் பிடிக்கும். அதனால் அவை பகலில் இருண்ட அடிநீருக்குப் போய், இருட்டியதும் மேலே வருகின்றன. மீன் நீரில் விடும் வேதிப்பொருளே அவற்றுக்கு எச்சரிக்கை. கோடையில் ஆழமான ஏரியின் நீர் அடுக்குகளாகப் பிரிந்து அடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் சிக்கல்: மேலே மீன், கீழே மூச்சுமுட்டல். சில உயிர்கள் ஆக்சிஜன் குறையத் தொடங்கும் விளிம்பிலேயே பகலைக் கழிக்கும். சில டாப்னியாக்கள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கூட்டிச் செந்நிறமாகி, மீன் நுழையத் தயங்கும் நீரில் தாக்குப்பிடிக்கும். கேயோபோரஸ் என்ற கொசு போன்ற பூச்சியின் புழுவுக்கு ஆக்சிஜனே இல்லாத சேறும் பகல்நேரப் பதுங்கிடம். இரவில் மேலேறி டாப்னியா போன்றவற்றையே வேட்டையாடும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஃபாலிங் கிரீக் என்ற சிறிய குடிநீர்த் தேக்கத்தில் அடிநீருக்கு ஆக்சிஜன் செலுத்தும் கருவி இருக்கிறது. அங்கே குடிநீர் நிறுவனமும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் சேற்றிலிருந்து இரும்பும் மாங்கனீசும் பாஸ்பரசும் கரைந்து வரும், சுத்திகரிப்பு கடினமாகும். இதைக் கவனித்து அளக்கத் தெரிந்தவர் தேவை, சம்பளம் வரும் வழி அதுதான்.

மகளுக்கு இது ஒத்துவருமா என்பதை எம்.எஸ்சி. திட்டப்பணியிலேயே பார்த்துவிடலாம். இடத் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டு மூன்று மீட்டர் ஆழமுள்ள ஊர் ஏரியைக் காற்றே கலக்கிவிடும், அடுக்கு நிலைக்காது. ஆழமான நீர்த்தேக்கம், முறையான அனுமதி, படகு, உயிர்காப்பு உடை, கூட ஒரு ஆள், இவையெல்லாம் வேண்டும். நண்பகலிலும் நள்ளிரவிலும், முதலில் ஒவ்வொரு மீட்டருக்கும் வெப்பநிலையும் ஆக்சிஜனும் அளக்க வேண்டும். பிறகு அதே ஆழங்களில் ஷிண்ட்லர் பொறியால் (குறிப்பிட்ட ஆழத்து நீரை மட்டும் அடைத்து எடுக்கும் பெட்டி) மும்மூன்று மாதிரிகள் எடுத்து, 63 முதல் 80 மைக்ரான் வலையில் வடிக்க வேண்டும். வலையை அடியிலிருந்து மேல்வரை ஒரே இழுப்பாக இழுத்தால் எது எந்த ஆழத்தில் இருந்தது என்பதே தெரியாமல் போகும். பௌர்ணமி இரவைத் தவிர்க்கலாம், நிலவொளியிலும் மீன் வேட்டையாடும். மாதிரியைக் கெடாமல் வைக்கும் 4 சதவீத ஃபார்மலினில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை கலந்து வைத்தால் டாப்னியா உப்பிப்போய் முட்டையை உதிர்க்காது. பகலில் கேயோபோரஸ் கிடைக்கவில்லை என்றால் ஏரியில் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. சேற்றையும் அள்ளிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் மீட்டரைக் கிளம்பும் முன் அளவுதிருத்தம் செய்யாவிட்டால் மொத்த உழைப்பும் வீண்.

படிப்பு வழி: எம்.எஸ்சி., கூடவே சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் உயிரியல் அறிவியல். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் மாத உதவித்தொகை 37,000 ரூபாய். கேட் (GATE) என்ற முதுநிலை நுழைவுத் தேர்வில் சூழலியலுக்கும் பரிணாமத்துக்கும் தனித் தாள் உண்டு. மீன்வளத்தில் முதுநிலைக்கு (எம்.எஃப்.எஸ்சி.) பெரும்பாலும் மீன்வள இளநிலைப் பட்டம் (பி.எஃப்.எஸ்சி.) கேட்பார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம். நிரந்தர ஆராய்ச்சிப் பணிகள் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனால் ஆர் (R) என்ற மென்பொருளில் புள்ளியியலும் நீர்த்தரப் பரிசோதனையும் இரண்டாவது கைவசமாக இருக்கட்டும். அவை தெரிந்தவருக்கு நீர் ஆய்வகங்களிலும் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களிலும் இடமுண்டு.

வழிகாட்டிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன் மகளை மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: துறையில் வேலை செய்யும் ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறதா, படகுச் செலவு யாருடையது, இரவு மாதிரிக்கு யார் கூட வருவார்?