முன்னால் சுடோ போட்டால் அலையஸ் ஏன் ஓடுவதில்லை?

கேள்வி: உபுண்டு பயன்படுத்துகிறேன். ஒரே கட்டளைகளைத் தினமும் அடித்து அலுத்துப்போய், இணையத்தில் கிடைத்த அலையஸ் (நீளமான கட்டளைக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) தொகுப்பு ஒன்றை அப்படியே ஒட்டிக்கொண்டேன். நிர்வாகி உரிமைக்காக முன்னால் சுடோ போட்டால் 'கட்டளை இல்லை' என்கிறது. என்ன தவறு? எவற்றை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: அலையஸை விரித்துப் படிப்பது பாஷ், அதாவது டெர்மினலில் நீங்கள் அடிப்பதை வாங்கி ஓட்டும் நிரல். பொதுவாக வரியின் முதல் சொல்லை மட்டும்தான் அது அப்படிப் பார்க்கும். முதல் சொல் சுடோ என்றால் அதோடு சரி. சுடோ தனி நிரல். நீங்கள் வைத்த சுருக்கப் பெயர் அதற்குத் தெரியாது.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம், சுடோவுக்கே ஓர் அலையஸ் போட்டு, மேற்கோளுக்குள் கடைசியில் ஓர் இடைவெளி விடுவது: அலையஸ் சுடோ='சுடோ '. இடைவெளியில் முடிந்தால் பாஷ் அடுத்த சொல்லையும் விரிக்கும். வேலை செய்யும், ஆனால் பாதிதான். மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் ஆப்ட் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள்: அப்டேட் புதிய பட்டியலை இறக்கும், அப்கிரேட் அதைப் பார்த்துப் புதுப்பிக்கும். 'யூபி' என்ற அலையஸுக்குள் 'ஆப்ட் அப்டேட் && ஆப்ட் அப்கிரேட்' இருக்கிறது என்று வையுங்கள். சுடோ யூபி என்று அடித்தால், சுடோ முதல் பாதிக்கு மட்டும் ஒட்டும். && தாண்டியதும் அப்கிரேட் சாதாரணப் பயனராக ஓடி, அனுமதி இல்லை என்று விழும். ஆகவே சுடோவை உள்ளேயே, இரண்டு இடத்திலும் எழுதுங்கள்:

அலையஸ் யூபி='சுடோ ஆப்ட் அப்டேட் && சுடோ ஆப்ட் அப்கிரேட்'

பிறகு வெறும் யூபி போதும். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும்போது நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கலாம். பல புகார்கள் அதனால்தான். வரியை வீட்டு அடைவில் .பாஷ்_அலையசஸ் கோப்பில் போட்டு, புது டெர்மினல் திறங்கள்.

&& இருப்பதால் அப்டேட் தோற்றால் அப்கிரேட் ஓடாது என்று நம்பிவிடாதீர்கள். பட்டியல் இறங்காத பல சமயங்களில் ஆப்ட் வெறும் எச்சரிக்கை தந்துவிட்டு, வெற்றி என்றே திரும்பும். பழைய பட்டியலை வைத்து அப்கிரேட் தொடரும். இத்தனை வருடத்தில் இதை ஒழுங்காக்க ஏன் மனம் வரவில்லையோ! டபிள்யூ (W) என்று தொடங்கும் எச்சரிக்கை வரிகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நிறுவுவதற்கு 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்பதற்கு ஒரு சுருக்கம் வையுங்கள். பின்னால் அடிக்கும் பொதிப் பெயர் (நிறுவ வேண்டிய மென்பொருளின் பெயர்) தானாகச் சேர்ந்துகொள்ளும். தேட ஆப்ட் சர்ச், விவரத்துக்கு ஆப்ட் ஷோ. இரண்டுக்கும் சுடோ வேண்டாம்.

இனி நீங்கள் ஒட்டிய தொகுப்பு. 'பூட்டை உடை' என்பதுபோல ஒன்று இருக்கிறதா பாருங்கள். ஆப்டுக்கு அடியில் பொதிகளை நிறுவும் நிரல் டிபிகேஜி. ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் பொதிகளைத் தொடாமல் தடுக்கும் அதன் பூட்டான லாக்-ஃபிரண்டென்ட் கோப்பை ஆர்எம் போட்டு அழிக்கும் வரி அது. இருந்தால் இப்போதே தூக்குங்கள். பூட்டுச் செய்தி வந்தால் பெரும்பாலும் பின்னணியில் தானியங்கிப் புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கும். எந்த எண்ணுள்ள செயல்முறை பிடித்திருக்கிறது என்று செய்தியிலேயே இருக்கும். கோப்பை அழித்தால் பூட்டு விடுபடாது. புதிதாக ஒரு பூட்டுக் கோப்பு உருவாகி, இரண்டு நிரல்கள் ஒரே தரவுத்தளத்தில் எழுதும் ஆபத்து வரும். காத்திருங்கள். நடுவில் மின்சாரம் போய் நின்றிருந்தால் 'சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'.

அடுத்தது, எல்லா வரியிலும் -ஒய் (கேட்காமலே 'ஆம்' என்று பதில் சொல்லிவிடுவது) ஒட்டியிருக்கும் வழக்கம். தொகுப்பு போடுபவர்களுக்கு வேகம்தான் விளம்பரம். உடைவது உங்கள் கணினி. இனித் தேவையில்லாத பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவுக்கு மட்டும் -ஒய் வேண்டவே வேண்டாம். டெஸ்க்டாப்பின் தொகுப்புப் பொதி ஒன்றை நீக்கியிருந்தால், அதனுடன் வந்த பல பொதிகள் அநாதைகளாகி நீக்கும் பட்டியலில் ஏறிவிடக்கூடும். பட்டியலைப் படியுங்கள், வேண்டியது இருந்தால் 'சுடோ ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று அடித்து, அந்தப் பெயரைச் சேர்த்துக் காப்பாற்றுங்கள்.

உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அறிய வெறும் 'அலையஸ்' என்று அடித்தால் முழுப் பட்டியலும் வரும். கோப்பிலிருந்து வரியை நீக்கினாலும், திறந்திருக்கும் டெர்மினல்களில் பழைய அலையஸ் உயிரோடுதான் இருக்கும். அவற்றை மூடுங்கள், அல்லது ஒவ்வொன்றிலும் 'அன்அலையஸ்' என்று அடித்து, அந்த அலையஸின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.