சண்டைக்குப் போகும் பிள்ளைகள்: கேள்வி பதில்

(திருவாரூர் வட்டாரத்தில் இளைஞர்களோடு பணியாற்றும் ஒருவர் பதிலளிக்கிறார்.)

ஆசிரியை, மன்னார்குடி: சண்டைக்குப் போகும் பிள்ளைகளின் குறையைத் தண்டிப்பதை விடத் திறனை வளர்ப்பது பயன் தரும் என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வறுமையும் குடும்பச் சச்சரவும் சூழ வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தனர். அவர்களைக் கைவிடாத பெரியவர் ஒருவராவது இருந்தார். பலருக்கு நம்பி ஒப்படைக்கப்பட்ட வீட்டுப் பொறுப்பும் இருந்தது. நம் பகுதியில் வயல் வேலை ஓய்ந்து, திருவிழாக்கள் கூடும் சித்திரை, வைகாசியில்தான் கைகலப்பும் மிகுகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன் வாய்க்கால் தூர்வாரும் பணியில், ஆள் சேர்க்கும் பொறுப்பைக் கைகலப்பில் இறங்கும் பையன்களிடமே கொடுத்துப் பாருங்கள்.

தந்தை, நீடாமங்கலம்: என் மகன் ரவுடியாகிவிட்டான். காவல் நிலையத்தில் ஒரு நாள் உட்கார வைத்து மிரட்டலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துச் சென்று அச்சுறுத்திய திட்டங்களை ஆராய்ந்தபோது, சென்று வந்தவர்களிடமே குற்றம் கூடியிருந்தது. 'ரவுடி' என்ற பட்டத்தையும் விடுங்கள். பட்டம் ஒட்டிக்கொண்டால் அதற்கேற்பவே பிள்ளை நடப்பான்.

கும்பகோணத்திலிருந்து: அக்காள் மகனும் ரவுடிதான். போலீஸை வைத்துப் பயமுறுத்தினால்?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். அந்தச் சொல் வேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இளைஞர், வலங்கைமான்: எங்கள் தெரு ஒற்றுமைதான் எங்கள் பலம். அதுவும் தவறா?

சாவு வீட்டுக்குப் பந்தல் போட ஓடிவரும் ஒற்றுமை பலம்தான். சாதிக் கயிறு கட்டிக்கொண்டு அடுத்த தெருப் பையனின் சைக்கிளை மறிக்கும் ஒற்றுமையை நான் பலமாகக் கொள்ள மாட்டேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்ட மண் இது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் மாணவர்கள் கயிறு கட்டுவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது.

அதே இளைஞர்: அடுத்த தெருக்காரர்கள் மட்டும் கயிறு கட்டலாமா?

எவரும் கட்டக் கூடாது. கபடி அணிகளில் இரு தெருப் பிள்ளைகளையும் கலந்து சேருங்கள். நடுவரை முறை வைத்து மாற்றுங்கள். ஆனால் தேர்வடம் பிடிக்கும் உரிமையை ஒரு தெருவுக்கு மறுக்கும் ஊரில், பிள்ளைகளை மட்டும் கூடி ஆடச் சொல்வது ஏமாற்று வேலை. அந்த உரிமையைப் பெரியவர்கள் முதலில் தர வேண்டும்.

தாய், பாபநாசம்: மகன் குடிக்கிறான்.

அது மருத்துவர் பார்க்க வேண்டியது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: பக்கத்து வீட்டுப் பதினான்கு வயதுப் பையனைத் தினமும் அடிக்கிறார்கள்.

இன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்.