மாரி வந்தால் சுவரில் பூஞ்சணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, 4 வருசத்துக்கு முன் கட்டிய பிளேட் வீடு எங்களுடையது. ஒவ்வொரு மாரிக்கும் படுக்கையறை அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துப் போகிறது. போன வருசம் இரண்டு தரம் குளோரின் போட்டுக் கழுவி, புதுப் பெயின்ற்றும் அடித்தோம். தை பிறக்கமுன் திரும்ப வந்துவிட்டது. 6 வயது மகனுக்கு அடிக்கடி முட்டு இழுக்கிறது. என்ன செய்ய? (வாசகி, கொக்குவில்)

பதில்: தங்கச்சி, முதலில் பிள்ளை. சுவர் சரியாகும்வரை அவனை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். பூஞ்சண வித்துகள் மூச்சோடு போனால் முட்டு உள்ள பிள்ளைகளுக்கு அது கூடும். டொக்டரிடம் காட்டும்போது வீட்டில் பூஞ்சணம் இருக்கிறது என்ற விசயத்தையும் சொல்லுங்கள், நாங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

இனிச் சுவர். பூஞ்சண வித்து எல்லாக் காற்றிலும் இருக்கிறது, அதை ஒருவராலும் ஒழிக்க முடியாது. அது தின்னப் பெயின்ற், தூசி, பலகை, துணி எல்லாம் வீட்டிலேயே கிடக்கிறது. எங்கள் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். அதனால் எத்தனை போத்தல் குளோரின் ஊற்றினீர்கள் என்பதல்ல, அந்தச் சுவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்காமல் பெயின்ற் அடிப்பது காசைச் சுவரில் பூசுவது மாதிரி.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சுவரின் ஒரு பக்கத்தைத் துடைத்துக் காயவிட்டு, சோறு கட்டுகிற லஞ்ச் சீற்றில் ஒரு சாண் சதுரம் வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் ரேப் ஒட்டிவிட்டு 2 நாள் பாருங்கள். சீற்றுக்கு உள்பக்கம், சுவரோடு ஒட்டிய பக்கத்தில் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம் சுவரில் படிகிறது. இரண்டு பக்கமும் காய்ந்திருந்தும் பூஞ்சணம் வருகிறதென்றால், காற்று ஓடாமல் ஈரலிப்பு அந்த மூலையில் தேங்கி நிற்கிறது.

சுவருக்குள்ளிருந்து என்றால் வெளியே போய்ப் பாருங்கள், அதுவும் மழை பெய்யும்போதே குடையோடு போய்ப் பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை எங்களுக்கு மழை வடகீழ்க் காற்றோடு வருகிறது, அதனால் வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்தான் அதிகம் அடிவாங்கும். யன்னல் தட்டு உள்பக்கம் சரிந்திருக்கிறதா, பிளேட்டில் தண்ணீர் தேங்குகிறதா, குளியலறை அந்தச் சுவருக்கு மற்றப் பக்கமா? எங்கள் வீட்டில் 2 மாரி நான் உள்சுவரையே உரஞ்சிக் கொண்டிருந்தேன். கடைசியில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் பீலிக்குள் ஒரு கை மாவிலை அழுகிக் கறுத்த சேறாகிக் கிடக்கிறது, அதற்கு மேலால் வழிந்த தண்ணீர் முழுக்கச் சுவரால் இறங்கியிருக்கிறது. அலுமாரியை இழுத்தபோது அதன் உருவத்திலேயே, மேல் விளிம்பு கூடத் தெரிய, சுவரில் கறுப்புப் புள்ளி. அன்றைக்குத்தான் விளங்கியது: சுவரை நனைத்தது பீலி, காயவிடாமல் மறித்தது அலுமாரி.

ஆகவே அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு 4 அங்குலமாவது தள்ளி வையுங்கள். முடிந்தால் வெளிச்சுவரோடு வைக்காமல் உள்சுவரோடு வையுங்கள். கால் இல்லாத அலுமாரிக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள்.

கழுவும் முறை: காய்ந்த தும்புத்தடியால் தட்டவே வேண்டாம், வித்து அறை முழுக்கப் பறக்கும். மாஸ்க் போட்டு, யன்னலைத் திறந்து, சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். குளோரின் மேலே உள்ள கறுப்பை வெளுக்கும், ஆனால் சீமெந்துப் பூச்சுக்குள் இறங்கியதை அது நன்றாகப் பிடிக்காது. குளோரினோடு வினாகிரியையோ அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தையோ ஒருநாளும் கலக்காதீர்கள், அதில் வருகிற வாயு நெஞ்சைப் பிடிக்கும். கழுவிய பிறகு பான் போட்டு முழுதாகக் காயவிட்டுத்தான் பெயின்ற்.

யன்னலை எப்போதும் திறந்து வைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். மழை இருட்டிக்கொண்டு நிற்கிற நேரம் வெளிக்காற்றே ஈரம், அப்போது திறந்து பயனில்லை. மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற மத்தியான நேரத்தில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து காற்றை ஓடவிடுங்கள். ஒரு வாளி ஈர உடுப்பு அறைக்குள் காய்ந்தால் லீற்றர் கணக்கில் தண்ணீர் அந்த அறைக் காற்றுக்குத்தான் போகும். கொடியை விறாந்தையில் கட்டுங்கள். நனைந்த மெத்தை, பாய், கால்மிதி எதுவானாலும் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காய வேண்டும், அதற்கு மேல் போனால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் பழைய கல்வீடு. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து, பூச்சு உதிர்கிறது. இதுவும் பூஞ்சணமா? (வாசகர், வல்வெட்டித்துறை)

பதில்: விரலால் தொட்டுத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கரைந்தால் அது உப்பு. நிலத்து ஈரம் சுவரால் மேலே ஏறி, உப்பை வெளியே விட்டுவிட்டுக் காற்றோடு போகிறது. எங்கள் பழைய வீடுகள் சுண்ணாம்புக் கல்லில், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை, அந்தச் சுவருக்கு ஈரத்தை வெளியே விடத் தெரியும். அதற்கு மேல் சீமெந்து பூசி, பளபளப்புப் பெயின்ற்றும் அடித்துவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். உங்கள் சுவரிலும் அப்படிச் சீமெந்து இருந்தால் அதை உரித்து, சுண்ணாம்புச் சாந்து தெரிந்த மேசனைத் தேடிப் பிடித்துப் பூசச் சொல்லி, மேலே சுண்ணாம்பே அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணமும் லேசில் பிடிக்காது. வெளியே சுவரோடு மண் குவிந்து நிலமட்டம் உயர்ந்திருந்தால் அதையும் வெட்டி இறக்குங்கள்.

கேள்வி: ஏசி போட்ட அறையிலும் பூஞ்சணம் வருகிறதே? (வாசகி, நல்லூர்)

பதில்: 18-இல் வைத்து இரவு முழுக்கக் குளிரவிட்டு, காலையில் நிறுத்திய கையோடு யன்னலைத் திறந்தால் வெளியே உள்ள ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் வேர்க்கும். 26-இல் வையுங்கள், யன்னலைச் சுவர் சூடேறிய பிறகு திறவுங்கள், ஏசியின் வடிகட்டியைக் கழுவுங்கள்.

கேள்வி: அம்மா பெட்டியில் வைத்த ஒடியலில் பச்சையாகப் பூத்திருக்கிறது. கழுவி வெயிலில் காயவைத்தால் சரி என்கிறா. கூழுக்குப் போடலாமா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: போடாதீர்கள். அம்மா எத்தனை வெயிலில் நின்று காயவைத்தது என்று தெரியும், எறிய மனம் வராது, ஆனாலும் எறியத்தான் வேண்டும். காய்ந்த மிளகாய், கச்சான், கொப்பரா மாதிரிப் பொருள்களில் பிடிக்கும் சில பூஞ்சணங்கள் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை விடும். அது ஈரலைத் தாக்கும், கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. உங்கள் ஒடியலில் பூத்தது எந்த வகை என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அடுத்த முறை முறித்தால் டக்கென்று உடைகிற அளவுக்குக் காய்ந்ததை மட்டும், சூடு ஆறிய பிறகு காற்றுப் புகாத ரின்னில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வேர்த்துத் தண்ணீர் திரும்ப ஒடியலில்தான் விழும். புரட்டாதி வெயிலில் இன்னொருதரம் எடுத்துக் காயவைத்துவிட்டால் மாரி தாண்டும்.