ஆறு மாதக் குழந்தைக்கு நகச்சுற்று: மஞ்சளும் சுண்ணாம்பும் போடலாமா?

கோபியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: குழந்தையின் கட்டைவிரல் நகத்தோரம் சிவந்து வீங்கியிருக்கிறது, அம்முச்சி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடச் சொல்கிறார் என்று. வேண்டாங்க. சுண்ணாம்பு பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கிவிடும். விரல் சூப்பினால் வாயும் புண்ணாகும். எலுமிச்சம்பழம் செருகுவதும் வேண்டாம்.

நகத்தை ஒட்ட வெட்டும்போதும் விரல் சூப்பி ஊறும்போதும் தோல் கிழிந்து கிருமி உள்ளே போகிறது, பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ்தான். வெதுவெதுப்பான நீரில் (முழங்கையால் சூடு பாருங்கள்) 10 நிமிடம், நாளைக்கு 3, 4 தடவை விரலை வைத்து, ஈரம் போகத் துடையுங்கள். லேசானது சில நாளில் அமுங்கிவிடும்.

சீழ் கோத்தால் ஊசியால் குத்தாதீர்கள், பிதுக்காதீர்கள், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.